கையெழுத்துப் போட்டுத் தரும் எலக்ட்ரீஷியன்: எங்கள் வீட்டு வயரிங் சோதனை பற்றி

கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டின் வயரிங் முழுவதையும் போன ஜனவரியில் ஒருவரை வைத்துச் சோதித்தேன். சோதித்ததை எழுத்தில் அறிக்கையாகக் கொடுத்து, கீழே உரிம எண்ணோடு கையெழுத்தும் போட்டுத் தரும் சேவை அது. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு.

நடத்துபவர் மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். அவரோடு ஒரு வயர்மேன், ஒரு உதவியாளர், அவ்வளவுதான் ஆட்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்போதே வேலை தேங்கி நிற்கிறது, வெளியூரிலிருந்து போன் வந்தால் போக முடியாது, போக முடியாத வேலையை ஒப்புக்கொள்ளவும் முடியாது என்றார். அதனால் ஆளை விட்டுவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன். உங்கள் ஊரில் இதே வேலையைக் கேட்டு வாங்க இது போதும்.

நான் ஏன் இந்த வேலைக்கு ஆள் தேடினேன் என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது.

என் தம்பி இட்லி மாவு அரைத்து விற்று வந்தான். பக்கத்து ஊரில் வாடகை வீடு, பின்கட்டில் பத்து லிட்டர் கிரைண்டர் இரண்டு. 2021 நவம்பர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் ஒரு விடியற்காலையில், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைத் தொட்டவனால் கையை எடுக்க முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த அவன் மனைவி, அவனைத் தொடாமல் மெயினை அணைக்க ஓடினாள். அந்த நேரத்தில் அவளுக்கு எப்படி அது தோன்றியது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் தொட்டிருந்தால் இரண்டு பேர். அணைத்துவிட்டு வருவதற்குள் அவன் போய்விட்டான். வயது நாற்பத்தாறு.

மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கி கம்பிச்சுருள் கெட்டிருந்தது. கிரைண்டருக்கு அது சாதாரணமாக வரும் பழுது. அதனால் ஒருவர் சாக வேண்டியதே இல்லை. பிளக் பாயின்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருந்திருந்தால், டி.பி. பெட்டியில், அதாவது வீட்டின் சுற்றுகள் பிரியும் பெட்டியில், மின்கசிவு கண்டால் உடனே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வேலை செய்திருந்தால், அன்றைக்கு மாவு அரைப்பது நின்றிருக்கும், தம்பி எரிச்சலோடு மோட்டாரைக் கழற்றியிருப்பான். ஆனால் எர்த்துக்கான பச்சை வயர் சுவருக்குள்ளேயே வெட்டி மடித்து விடப்பட்டிருந்தது. ஆர்.சி.சி.பி. பெட்டிக்குள் இருந்தது, அதன் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு வேறு வயர் போட்டு அதைத் தாண்டிவிட்டிருந்தார்கள். அடிக்கடி கரண்ட் போகிறது என்று மூன்று மாதம் முன்பு வீட்டுக்காரர் அனுப்பிய எலக்ட்ரீஷியன் செய்த வேலை. "டிரிப் ஆகிட்டே இருக்கு, டைரக்ட் பண்ணிட்டேன், இனிமே தொல்லை இருக்காது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். ரசீது கிடையாது.

தொல்லை என்று அவர் சொன்னது என்ன தெரியுமா? கிரைண்டரில் கசிவு இருக்கிறது என்று அந்தக் கருவி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டினார்கள்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். ஓம் விதியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. தம்பி வீட்டுக்கு மாதம் ஒரு முறையாவது போவேன். அந்தப் பின்கட்டில் நின்று மாவு பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். அந்த டி.பி. பெட்டியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் தூங்க விடாதது. நம் செய்தித்தாள்களில் 'மின்சாரம் தாக்கி பலி' என்று போடுவார்கள். தம்பிக்கும் அப்படித்தான் நான்கு வரி வந்தது. அந்த வாக்கியத்தில் தாக்கியது மின்சாரம். வயரை வெட்டியவர் அதில் இல்லை, தாண்டிப் போட்டவர் இல்லை, போடச் சொன்னவரும் இல்லை. காவல் நிலையத்திலும் முதலில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில்தான் பதிந்தார்கள். அதாவது, இயற்கைக்கு மாறான மரணம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி மின் விபத்தில் உயிர் போனால் தகவல் தர வேண்டும், மின் ஆய்வாளர் விசாரித்துக் காரணத்தை எழுத முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆய்வாளர் வந்து பார்த்திருக்கிறார். எர்த் தொடர்ச்சி இல்லை, கசிவுப் பாதுகாப்புக் கருவி செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெளிவாகவே எழுதியிருந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, அந்தத் தாள் எங்கள் கைக்கு வந்தபோது ஏழு மாதம் ஆகியிருந்தது.

சரி, செயலிழக்கச் செய்தவர் யார்? எலக்ட்ரீஷியன், வீட்டுக்காரர் சொன்னதைத்தான் செய்தேன் என்றார். வீட்டுக்காரர், எனக்கு வயரிங் பற்றி என்ன தெரியும், அவர்தான் செய்தார் என்றார். பிறகு எலக்ட்ரீஷியன், நான் அந்த வீட்டில் ஃபேன்தான் மாட்டினேன் என்று மாற்றிச் சொன்னார். அந்த வீட்டுக்கு இணைப்பு வாங்கியபோது கொடுத்த வயரிங் சோதனை அறிக்கையில் ஒரு உரிமதாரரின் கையெழுத்து இருந்தது. அவரைத் தேடிப் போனேன். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. கடையில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நூறு அறிக்கைகளில் அதுவும் ஒன்று.

வழக்கு நடக்கிறது. அதனால் ஊரையும் ஆட்களையும் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். வழக்கறிஞர் சொன்ன ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தெருவில் கம்பி அறுந்து விழுந்து ஒருவர் இறந்தால், மின்வாரியம் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று 2002ல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் கிடந்த கம்பியில் சைக்கிளோடு ஏறிய ஒரு தொழிலாளியின் சாவு அது. யாரோ திருட்டுத்தனமாக மின்சாரம் எடுக்க இழுத்த கம்பி என்று வாரியம் சொல்லிப் பார்த்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தபோது, அரசு உடனே விசாரணைக்கு ஆள் போட்டது. "அதெல்லாம் மீட்டருக்கு அந்தப் பக்கம், டீச்சர். மீட்டருக்கு இந்தப் பக்கம் நடந்தால், யார் செய்த வேலை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்" என்றார் வழக்கறிஞர். அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதற்கு அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு வருடம் தண்டனை. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை. இரண்டோ ஐந்தோ, வயரைத் தொட்ட கை எது என்று தெரிந்தால்தானே?

அதனால் என் வீட்டுக்கு ஆள் தேடும்போது நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதை எழுதி, உங்கள் பெயரும் உரிம எண்ணும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான்கு பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்க தலைமேல வந்துடும்மா" என்று உண்மையைச் சொன்னார். நான்காமவர்தான் இவர். போனிலேயே, "அறிக்கை இல்லாம நாங்க சோதனை பண்றதில்ல டீச்சர். பின்னாடி நீங்க வேற யாரையாவது விட்டு மாத்தினா, நாங்க விட்டுட்டுப் போனது எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்கும் ஆதாரம் வேணும்" என்றார். கையெழுத்து அவரையும் காக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வந்த அன்று, வீட்டுக்குள் நுழையும் முன்பே உரிமத்தின் நகலையும், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த தகுதிச் சான்றிதழ்களையும் காட்டினார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே காட்டியது. வயர்மேனுக்கு, உதவியாளருக்கு என்று தனித்தனிச் சான்றிதழ் உண்டு, அதற்கெல்லாம் தேர்வு உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்? வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் ஒருவராவது இதைக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

வீடு 1998ல் கட்டியது, மாடி 2012ல் எடுத்தது. சோதனை முடிய ஐந்தரை மணி நேரம் ஆனது. முதலில் மெயினை அணைத்து, அதன் மேல் ஒரு பூட்டுப் போட்டு, சாவியை வயர்மேன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரோ தெரியாமல் மெயினைப் போட்டு, உள்ளே வேலை செய்தவர் இறந்த கதை நம் எல்லோருக்கும் ஒன்றாவது தெரியும். இந்த ஒரு பூட்டு என்ன விலை இருந்துவிடப் போகிறது?

பிறகு மெகர் என்னும் கருவியை வைத்து ஒவ்வொரு சுற்றிலும் 500 வோல்ட் கொடுத்து, வயரின் மேலுறை இன்னும் மின்சாரத்தைத் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும். மற்ற சுற்றுகள் இருபதுக்கு மேல் காட்டின. சமையலறை மட்டும் 0.3. ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகத் திறந்து தேடினால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள பெட்டியில், வெறும் டேப் சுற்றிய ஒரு இணைப்பு ஈரத்தில் ஊறிப் பச்சை பூத்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் நான் மிக்சி வைத்திருக்கிறேன்.

பிளக் பாயின்ட்கள் மொத்தம் 23. அவற்றில் 9ல் எர்த் இல்லை. 4ல் மின்சாரம் வரும் பேஸ் வயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் இடம் மாறியிருந்தன. குளியலறை விளக்கின் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருந்தது. அதாவது, சுவிட்சை அணைத்துவிட்டு பல்பு மாற்றும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பன்னிரண்டு வருடமாக ஸ்டூல் போட்டு ஏறி அந்த பல்பை மாற்றுவது என் கணவர்.

எர்த் குழியைத் தேடவே அரை மணி ஆனது. துவைக்கிற கல்லுக்கு அடியில் போயிருந்தது. அளந்தால் மண்ணுக்குப் போகும் பாதையின் தடை 38 ஓம். ஒப்பந்ததாரர் என்னைப் பார்த்து, "நீங்களே கணக்குப் போடுங்க டீச்சர்" என்றார். போட்டேன். 230 வோல்ட்டை 38 ஓமால் வகுத்தால் ஆறு ஆம்பியர். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுந்து அறுக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி. அந்தச் சுற்றில் இருப்பது 16 ஆம்பியர். பேஸ் வயர் கிரைண்டரின் உலோக உடலைத் தொட்டாலும் ஆறு ஆம்பியர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், எம்.சி.பி. விழாது, கிரைண்டர் முழுக்க மின்சாரம் நிற்கும். எம்.சி.பி. வயரைக் காக்க வந்தது. மனிதனைக் காப்பது அதன் வேலையே இல்லை. இது தெரியாமல் 'எம்.சி.பி. இருக்கு, பயமில்ல' என்று சொல்லாத வீடு உண்டா?

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. கடைகளில் இன்னும் இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். பேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், வழியில் எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாக, என்று உடனே அறுத்துவிடும். எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோதே ஒன்று போட்டிருந்தோம். தம்பி போன பிறகு நான் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன். விழுந்தது. நிம்மதியாக இருந்தேன். இவர் அதன் முகப்பில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார்: 100 மில்லி ஆம்பியர். கசிவால் தீப்பிடிக்காமல் தடுக்க அது உதவும். ஆனால் உடம்பு வழியே நாற்பது மில்லி ஆம்பியர் போனால் அது அசையாது. நாற்பது போதும், கை இறுகிவிடும், மூச்சு திணறும். வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர். இரவில் போடுகிற பழைய சீரோ வாட்ஸ் குண்டு பல்பு எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்த அளவு. டெஸ்ட் பட்டன் அந்தக் கருவியை அதன் சொந்த அளவுக்குத்தான் சோதிக்கும், நம் உடம்பின் அளவுக்கு அல்ல. இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு இதைச் சொல்ல ஒருவர் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023ல் விதியைத் திருத்தி, இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. நல்லது. ஆனால் தம்பி வீட்டிலும் கருவி இருந்ததே. பொருத்துவதற்கு விதி இருக்கிறது. பொருத்தியதைத் தாண்டி வயர் போடுகிறவரை யார் பார்ப்பது?

பழுது நீக்கும் வேலை இரண்டு நாள் நடந்தது. எர்த்துக்குப் புதுக் குழி, கரியும் உப்பும் போட்டு. இப்போது 3.2 ஓம். ஒன்பது பாயின்ட்டுக்கும் பச்சை வயர் இழுத்தார்கள். புது ஆர்.சி.சி.பி., 40 ஆம்பியர் தாங்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அறுக்கும், ஐஎஸ்ஐ முத்திரையோடு. பொருத்திய பிறகு தனிக் கருவியால் சோதித்தார்கள். 22 மில்லி ஆம்பியரில், 28 மில்லி வினாடியில் அறுத்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது நான் அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

டி.பி. பெட்டியில் வயர் நுனிகளுக்கு லக் என்னும் உலோக முனை போட்டு, அதற்கென்று உள்ள கருவியால் அழுத்தினார் வயர்மேன். கையால் முறுக்கிச் சொருகுவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒப்பந்ததாரர் டெல்லி உப்ஹார் திரையரங்கைச் சொன்னார். 1997 ஜூன் 13. அன்று காலை அங்கிருந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பழுது பார்த்தவர்கள், கேபிள் நுனியை கிரிம்பிங் மெஷினால் அழுத்தாமல் சுத்தியலால் தட்டிவிட்டுப் போனார்கள். மாலையில் அங்கிருந்துதான் தீ. 59 பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். வெளியேறும் வழிகளை அடைத்து நாற்காலி போட்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. உரிமையாளர்கள் ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியை நானே படித்திருக்கிறேன். பிள்ளைகளை இழந்த பெற்றோர் இத்தனை வருடமாக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தது அப்போது ஒரு செய்தி. தம்பிக்குப் பிறகு அது எனக்கு வேறு மாதிரி. அந்தச் சுத்தியலைப் பற்றி இந்த மனிதர் நினைவு வைத்திருக்கிறார், தன் ஆட்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார் என்பதற்காகவே இந்தச் சேவைக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுப்பேன்.

இனி குறைகள். காலை ஒன்பது மணி என்று சொல்லிவிட்டு பதினொன்றுக்குத்தான் வந்தார்கள், போன்கூட இல்லை. பூஜை அறைச் சுவரில் காடி வெட்டிய இடத்தைச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள், வெள்ளையடிப்பது நம் பொறுப்பு. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. என் கணவருக்கும் எங்கள் வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் புரியாத அறிக்கை எதற்கு? தமிழில் கேட்டேன், பத்து நாள் கழித்துத் தந்தார். இப்போது எல்லோருக்கும் தமிழிலேயே தருவதாகச் சொல்கிறார்.

பெரிய குறை வேறு. அறிக்கையில் மாடிச் சுற்று முழுவதும் 'சோதிக்கப்பட்டது, திருப்தி' என்று எழுதியிருந்தது. மாடியில் பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருப்பது எனக்குத் தெரியும். பீரோவை யாரும் நகர்த்தவில்லை என்பதும் தெரியும். போனில் கேட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தவர், "தப்புதான் டீச்சர், மெகர் ரீடிங் நல்லா வந்ததால விட்டுட்டாங்க" என்றார். மறுநாள் அவரே வந்து பீரோவை நகர்த்தி, பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பழைய தாளில் அந்த வரியை அடித்து, 'முதல் நாள் திறக்கவில்லை, இன்று திறந்து பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, மறுபடி கையெழுத்திட்டார். குறைத்த ஒரு மதிப்பெண் பீரோவை நகர்த்தாமல் 'திருப்தி' என்று எழுதியதற்கு. மீதி நான்கும் நிற்பது அவர் அடித்து எழுதியதால். பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரை நான் சந்தித்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு வரி எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

செலவு: சோதனைக்கும் அறிக்கைக்கும் 4,500 ரூபாய். பழுது நீக்க, பொருளும் கூலியும் சேர்த்து 31,200. ஆர்.சி.சி.பி. மட்டும் 2,350. எல்லாவற்றுக்கும் ரசீது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அப்போது ரசீது பெரிய ஆதாரம். முந்நூறு ரூபாய் வேலையாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். என்ன வேலை என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சேவையின் தரம் எனக்கு உண்மையில் தெரிந்தது மூன்று வாரம் கழித்து. இரவு இரண்டு மணிக்கு ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கிவிட்டால் நிற்கவில்லை. விடியும் வரை ஃபிரிட்ஜ், ஃபேன் எதுவும் இல்லை. காலையில் எதிர்வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியனை என் கணவர் கூப்பிட்டுவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்த அவர், "இதான் டீச்சர் தொல்லை. டைரக்ட் பண்ணிடலாம், பத்து நிமிஷ வேலை" என்றார்.

அவருக்கு என்ன வயது இருக்கும், இருபத்தைந்து. கெட்ட பையன் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். அவருக்குக் கற்றுக் கொடுத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, தம்பியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டார். இதுவரை எத்தனை வீட்டில் இப்படிச் செய்திருப்பாய் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

ஒப்பந்ததாரரைப் போனில் பிடித்தேன். எல்லா பிளக்கையும் கையால் உருவிவிடச் சொன்னார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்றேன். போதாது, நியூட்ரல் வழியாகவும் கசிவு தெரியும் என்றார். எல்லாம் உருவிய பிறகு ஆர்.சி.சி.பி. நின்றது. ஒவ்வொன்றாகச் சொருகி வர, வாஷிங் மெஷினைச் சொருகியதும் விழுந்தது. மெஷினை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள், நாளைக்கு வருகிறேன் என்றார். மறுநாள் வந்து பார்த்ததில், பின்பக்க வயரை எலி கடித்து, செம்பு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த மெஷின் மேல் ஈரக்கையை ஊன்றிக்கொண்டு துணி எடுக்கிறவள் நான். அந்த வருகைக்கு 400 ரூபாய் வாங்கினார், ரசீதில் 'எலி கடித்த வயர் மாற்றம், ஆர்.சி.சி.பி. சரியாக இயங்குகிறது' என்று எழுதினார்.

அறிக்கையின் நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அவர் பெயர், உரிம எண், தேதி, ஒவ்வொரு சுற்றின் அளவு எல்லாம் அதில். கீழே காலியாகச் சில வரிகள் உண்டு. இனி யார் அந்தப் பெட்டியைத் திறந்தாலும் பெயரும் தேதியும் என்ன செய்தார் என்பதும் எழுத வேண்டும். எதிர்வீட்டுக்கு வந்த அந்தப் பையன்தான் முதலில் எழுதியவர். 'திறந்து பார்த்தேன், எதையும் மாற்றவில்லை.'

தம்பி மனைவி இப்போது பிள்ளைகளோடு வேறு வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கேயும் சோதிக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதற்குச் செலவு என்றார். செலவு என்னுடையது, அறிக்கையைப் படித்தேன் என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.